பீட்டிலின் பொறி நேரம்

அசல் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் எஞ்சினில் ரேடியேட்டர் கிடையாது, தண்ணீரும் கிடையாது. காற்றுதான் அதைக் குளிர்விக்கிறது. அதனால் பொறி விழும் நேரம் தவறினால் சூடு உடனே தண்டிக்கும்.

பெட்ரோல் கலவை எரிந்து முடியச் சற்று நேரம் பிடிக்கும். ஆகவே பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்கு முன்பே பொறி விழ வேண்டும். பல மாடல்களுக்கு அது கிராங்க் சுழற்சியில் 7.5 டிகிரி முன்னதாக. இந்த நேரத்தைச் சரியாக அமைக்க ஒரு சிறு விளக்கு போதும் என்பது எனக்கு இன்றும் வியப்பு. எஞ்சின் குளிர்ந்திருக்க, ஸ்பேனரால் புல்லியைத் திருப்பி, அதிலுள்ள வெட்டை கிராங்க்கேஸின் நடு இணைப்புக்கு நேராக நிறுத்துவார்கள். காயிலிலிருந்து வரும் இணைப்புக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவே விளக்கு. சாவியைத் திருப்பிவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாக இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். அதற்குள் இருக்கும் மின்தொடர்பான பாயிண்ட் பிரியும் அந்தக் கணத்தில் விளக்கு எரியும். அங்கேயே நட்டை இறுக்கிவிடலாம்.

என்னை மிகவும் கவர்வது மூன்றாம் சிலிண்டர். பழைய எஞ்சின்களில் ஆயில் கூலர் அதற்கு வரும் காற்றை மறித்தது. அது கூடுதலாகச் சூடேறியது. எனவே பல டிஸ்ட்ரிபியூட்டர்களில் அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் பொறி சில டிகிரி தாமதமாக விழும்படி பாயிண்ட்டைத் திறக்கும் கேமையே செதுக்கினார்கள். எவ்வளவு அக்கறை!

பீட்டில் வைத்திருப்பவர்கள் பொறி நேரத்தைத் தொடும் முன் பாயிண்ட் இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்குச் சரிசெய்யுங்கள். அது மாறினால் பொறி நேரமும் மாறிவிடும்.