காரமண்ணும் ஹீலியமும்

மல்லசமுத்திரத்திலிருந்து சேலம் பக்கம் போனால் வெள்ளைக்கல் எனும் மேக்னசைட். சங்ககிரி பக்கம் போனால் சுண்ணாம்புக்கல். முன்னதில் மக்னீசியம், பின்னதில் கால்சியம். இரண்டும் காரமண் உலோகங்கள். நம் தடத்தில் கிடைக்காதது ஹீலியம்தான். அதுவும் அந்நியமில்லை. 1868 ஆகஸ்ட் 18 கிரகணத்தில் மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்துப் போக்சன் சூரியப் பிழம்பில் பார்த்த மஞ்சள் கோடு அதனுடையதே.

ஹீலியம் யாரோடும் ஒட்டாது. மின்னிறக்கத்தில் கிளர்ந்துவிட்டால் மட்டும் 19.82 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் சுமையோடு அலையும். ஒளியாக இறக்கிவைக்க வழி அடைபட்டதால், தனியே விட்டால் சராசரி இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுமக்கும். கால்சியம் எதிர்ப்பட்டால் கதை வேறு. அதன் எலக்ட்ரானைக் கழற்ற 6.11 போதும், மீதி 13.71 வெளியேறும் எலக்ட்ரானின் வேகமாகிறது. இது பென்னிங் அயனியாக்கம். நியானில் சிட்டிகை ஆர்கான் கலந்தாலே விளக்கு குறைந்த மின்னழுத்தத்தில் எரிவதைப் பிலிப்ஸ் ஆய்வகத்துப் பென்னிங் 1920களில் ஆராய்ந்தார்.

பிறகு இதை ஆராய்வதில் பள்ளிகள் பிரிந்தன. அமெரிக்காவின் போல்டரில் ஓடும் வாயுக்குழாயில் வினைவேகம் அளந்தார்கள். பிராகில் செர்மாக் வெளியேறும் எலக்ட்ரானையே விசாரித்தார். ஜெர்மனியின் ஹோடாப்பும் நீஹாஸும் அந்த வழியைக் கூர்மையாக்கி, நடப்பது கொடுக்கல் வாங்கல் என்றார்கள்: உலோகத்தின் எலக்ட்ரான் ஹீலியத்தின் காலியிடத்தில் அமர, ஹீலியத்தின் வெளி எலக்ட்ரான் பறக்கிறது. என் ஓட்டு பிந்திய இரு பள்ளிகளுக்கே. வேகம் மட்டும் சொல்லும் எண், விளைச்சல் சொல்லி விதை சொல்லாத கணக்கு.

அளவீட்டில் தரம் என்பது பிரித்தறிவது. ஹீலியத்துக்கு 20.62 சுமை கொண்ட இன்னொரு நிலையும் உண்டு. இரண்டும் கலந்த ஹீலியம் கற்றையில் எடுத்த அளவு எதற்கு உரியது? அதனால் நல்ல ஆய்வகங்கள் கற்றையின் மேல் ஹீலியம் விளக்கொளி பாய்ச்சி, அந்த இரண்டாம் நிலையை அணைத்துவிட்டு அளக்கின்றன.

காரமண் அணு இந்தக் கொடுக்கல் வாங்கலையும் சிக்கலாக்குகிறது. அதன் வெளிக்கூட்டில் எலக்ட்ரான்கள் இரண்டு, ஒன்றின் போக்கு மற்றதைப் பாதிக்கும். ஒன்று போகும்போது மற்றது மேல்படிக்குத் தாவிவிடுவதுண்டு. கால்சியத்தின் எலக்ட்ரான் நிறமாலையில் 13.71 மட்டுமின்றி 10.6 எலக்ட்ரான் வோல்ட் அருகேயும் எலக்ட்ரான்கள் தென்படுவது அதனால்தான். அப்படிக் கிளர்ந்த கால்சியம் அயனி இறங்கும்போது விடும் ஊதா ஒளிகளில் ஒன்று 393.4 நானோமீட்டர். கோடைக்கானல் வானாய்வகம் 1904 முதல் பல பத்தாண்டுகள் சூரியனைப் படம் பிடித்ததும் அதே ஒளியில்தான்.