விலையைக் கேட்கும் காது

ஹை-ஃபை கண்காட்சிக்கு முதல்முறை போகிறவர்கள் இசை கேட்கப் போவதாகத்தான் நினைப்பார்கள். கிடைப்பது பெரும்பாலும் ஒலி மட்டுமே. மியூனிக்கின் ‘ஹை எண்ட்’ கண்காட்சியில்தான் இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது. 2004 முதல் 2025 வரை அங்கே நடந்துவிட்டு, 2026-இல் வியன்னாவுக்கு இடம் மாறிய கண்காட்சி அது.

மங்கிய வெளிச்சம், வரிசையாக நாற்காலிகள், எதிரே ஆளுயர ஸ்பீக்கர்கள். சிலதின் விலைக்கு வீடே வாங்கலாம். ஓடுவது என்னவோ தெரிந்த பாட்டுதான்: ஈகிள்ஸ் குழு 1994-இல் வெளியிட்ட ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வின் மேடைப் பதிவு, இல்லாவிட்டால் டயானா க்ரால். அடுத்த அறையிலும் கிட்டத்தட்ட அதேதான். காரணம் எளிது. அவ்வளவு நேர்த்தியான பதிவு சுமாரான பெட்டியில்கூட நல்லாத்தான் இருக்கும். பரீட்சை எழுதுகிறவரே கேள்வித்தாளும் தயாரித்தால் யார் ஃபெயில் ஆவார்?

இதற்கு நேரெதிரான கதை ஒன்று அதே ஜெர்மனியில் உண்டு. எம்பி3-யை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சூசன் வேகாவின் ‘டாம்ஸ் டைனர்’ பாட்டை வைத்துச் சோதித்தார். பக்கவாத்தியமே இல்லாத வெறும் குரல். சுருக்கியபோது அந்தக் குரல் கெட்டுப்போனது. அதையே திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் குறையைச் சரிசெய்தார். அங்கே பாட்டு இயந்திரத்தைக் கேள்வி கேட்டது. கண்காட்சியில் பாட்டு இயந்திரத்துக்கு ஜால்ரா போடுகிறது.

இன்னொன்று, நீங்கள் கேட்பதில் பாதி அந்த அறையைத்தான். 5 மீட்டர் நீள அறை 34 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தானாகவே அதிரும். மூலையில் உட்கார்ந்தால் பேஸ் கூடும், நடுவில் உட்கார்ந்தால் வற்றிப்போகும். அதனால ஒரே நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லாதீங்க. சத்தத்தைத் துளி கூட்டி வைத்தாலும் ‘ஆஹா, என்ன தெளிவு’ என்று தோன்றும். அந்தத் தெளிவையும் நம்பாதீங்க.

கண் அதைவிட மோசம். 1994-இல் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 40 பேரை ஒரே ஸ்பீக்கர்களை இரண்டு விதமாகக் கேட்க வைத்தார்கள்: திரைக்குப் பின்னால் வைத்து ஒருமுறை, கண்ணெதிரே வைத்து ஒருமுறை. கண்ணால் பார்த்ததும் பெரிய, விலை கூடியவற்றின் மதிப்பெண் ஏறியது, சின்னதுக்கு இறங்கியது. அந்த 40 பேரும் ஸ்பீக்கர் தயாரிக்கும் நிறுவனத்தின் ஊழியர்கள்! நம் ரசனையையே சந்தேகிக்க வைக்கிற இந்த மயக்கத்தின் மேல்தான் மொத்தக் கண்காட்சியும் நிற்கிறது என்பது என் குற்றச்சாட்டு.

அதற்காகப் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். விலை கேட்காமல் உள்ளே போங்கள். மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோய்ப் போடச் சொல்லிக் கேளுங்கள். என்னிடம் இருப்பது கேசட்டிலிருந்து எடுத்த, இரைச்சல் நிறைந்த ஒரு பழைய இளையராஜா பாட்டு. சில அறைகளில் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுவார்கள். சில அறைகளில் இரைச்சல் மட்டும் பெரிசாகக் கேட்கும். எங்கேயாவது ஓர் அறையில் இரைச்சலை மறந்து இரண்டாம் சரணம் வரைக்கும் உட்கார்ந்துவிட்டால், அந்தப் பெட்டியின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். விலையை அப்புறம் விசாரிக்கலாம்.