வாசற்படியில் கேட்ட கேள்வி

"அக்கா, என்ன வேலை பாக்குறீங்க?"

"வேலையெல்லாம் இல்லம்மா. வீட்லதான் இருக்கேன்."

பதில் சொல்லும்போதும் அந்தப் பெண்ணின் கை பட்டாசுக்கான காகிதக் குழாயை உருட்டிக்கொண்டிருக்கும். திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் எந்தத் தெருவிலும் நடக்கக்கூடிய உரையாடல் இது. கேட்பவர் தேர்தல் ஆய்வுக்கு வந்த கல்லூரி மாணவி என்று வைத்துக்கொள்வோம். அவர் கையிலிருக்கும் படிவத்தில் 'இல்லத்தரசி' என்று பதிவாகும். அந்த ஒரு பதிவில் அந்தப் பெண் பட்டாசுத் தொழிலிலிருந்தே காணாமல் போய்விடுகிறார்.

வாக்காளர்களின் மனநிலையை நீண்டகாலத் தரவுகளைக் கொண்டு வாசிக்கும் நாம் இந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

டெல்லியில் ரஜனி கோத்தாரி 1963இல் தொடங்கிய 'வளரும் சமூகங்கள் ஆய்வு மையம்' 1967இல் முதல் தேசியத் தேர்தல் ஆய்வை நடத்தியது. விருதுநகரில் காமராஜர், பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றது அதே ஆண்டில்தான். 1971இலும் ஆய்வு நடந்தது. பின்னர் நீண்ட காலம் தொடர்ச்சி இல்லை. 1996இலிருந்து ஒவ்வொரு மக்களவைத் தேர்தலிலும் ஆய்வு நடந்துவருகிறது. இன்று அதை லோக்நீதி என்ற பிரிவு நடத்துகிறது.

இந்தத் தொடர்ச்சியின் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரே கேள்வியைப் பல தேர்தல்களில் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். 1971ஆம் ஆண்டுத் தரவையும் தொண்ணூறுகளின் தரவையும் ஒப்பிட்டுத்தான் யோகேந்திர யாதவ், தலித் மக்களும் ஏழைகளும் வாக்குச்சாவடியை நோக்கித் திரண்டு வருவதை எழுதிக்காட்டினார். படித்தவர்களே அரசியல் அக்கறை உள்ளவர்கள் என்ற மேட்டிமைப் பேச்சுக்கு அது நல்ல பதிலாக அமைந்தது.

ஆனால் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது, அதிலுள்ள குருட்டுத்தனமும் திரும்பத் திரும்பப் பதிவாகிறது.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்பைத் தடைசெய்து, பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி அளித்தது. சிவகாசி வட்டார ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. ஆலைக்கு வேனில் போன பெண்களுக்கு வேலை போயிற்று. வீட்டில் குழாய் உருட்டியவர்களுக்கும் போயிற்று. அடுத்து வந்த 2019 ஏப்ரல் 18 அன்று வாக்குப்பதிவு. ஆலைத் தொழிலாளி வேலை இழந்தவராகப் படிவத்தில் ஏறக்கூடும். 'இல்லத்தரசி' எப்படி ஏறுவார்? வேலையே இல்லாதவர் வேலையை எப்படி இழக்க முடியும்? அவருடைய வாக்கில் கோபம் இருந்திருந்தால், அந்தக் கோபத்துக்கான காரணம் தரவில் இருக்காது. காரணம் தெரியாத வாக்குக்கு நம் விமர்சகர்கள் உடனே ஒரு பெயர் வைத்துவிடுவார்கள்: கணவர் சொன்னதற்காகப் போட்டது, இலவசத்துக்காகப் போட்டது.

'கணவர் சொன்னது' என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1960இல் வெளிவந்த 'தி அமெரிக்கன் வோட்டர்', மனைவியர் பெரும்பாலும் கணவரைச் சார்ந்தே வாக்களிக்கிறார்கள் என்ற பொருள்பட எழுதியது. இருவரும் ஒரே கட்சிக்கு வாக்களித்தார்கள் என்பது வேறு. யார் யாரைப் பின்பற்றினார்கள் என்பது வேறு. 1974இல் சூசன் பூர்க்கும் ஜீன் கிராஸ்ஹோல்ட்ஸும் இத்தகைய ஆய்வுகளைக் கூர்ந்து வாசித்து, ஆய்வாளரின் முன்முடிவுகள் கண்டுபிடிப்புகளாக வேடமிட்டு நிற்பதை அம்பலப்படுத்தினார்கள்.

நம் ஆய்வுகளிலும், யாருக்கு வாக்களிப்பது என்று முடிவெடுக்கும்போது யாருடைய கருத்தைப் பெரிதாக எடுத்துக்கொண்டீர்கள் என்ற கேள்வி பல தேர்தல்களில் வந்திருக்கிறது. லோக்நீதி ஆய்வின் வழக்கமான முறையைக் கவனியுங்கள். யாருக்கு வாக்களித்தீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். மாதிரி வாக்குச்சீட்டில் குறியிட்டு, மாதிரிப் பெட்டியில் போட்டால் போதும். வாக்குக்கு இரகசியம் வேண்டும் என்று ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருக்கிறது. யார் பேச்சைக் கேட்டீர்கள் என்பதோ வாய்விட்டுக் கேட்கப்படுகிறது. திண்ணையில் கணவர் இருக்கலாம்; உள்ளே மாமியார் காதைத் தீட்டிக்கொண்டிருக்கலாம். 'அவங்க சொல்றதுதான்' என்பது அந்த நேரத்தில் மரியாதைக்குச் சொல்லும் வார்த்தை. அதை அரசியல் சார்பின் சான்றாக எண்ணிக் கூட்டுகிறோம்.

தரவைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பழைய கேள்விகளை மாற்றினால் ஒப்பீடு அறுந்துவிடும், அவை இருக்கட்டும். பக்கத்திலேயே புதியவற்றைச் சேர்க்கலாம். 'என்ன வேலை?' என்பதோடு, 'போன வாரம் கூலிக்கு எதையாவது உருட்டினீர்களா, ஒட்டினீர்களா, பின்னினீர்களா?' என்று கேட்கலாம். கேட்கும்போது அருகில் யார் இருந்தார்கள் என்பதை வைத்துப் பதில்களைப் பிரித்து வாசிக்கலாம்.

மாணவிகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2024 ஆய்வு 191 தொகுதிகளில் 19,663 பேரைச் சந்தித்தது. அதாவது தொகுதிக்குச் சராசரியாக நூறு பேர். விருதுநகரில் அந்தத் தேர்தலின் வெற்றி வித்தியாசம் 4,379 வாக்குகள். நாட்டின் போக்கைச் சொல்லும் இந்த எண்களைக் காட்டி 'சிவகாசிப் பெண்கள் இப்படித்தான் வாக்களித்தார்கள்' என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். 2009 தேர்தலுக்கு முன் சிவகாசி என்றே ஒரு மக்களவைத் தொகுதி இருந்தது. மறுவரையறையில் அது விருதுநகராயிற்று. தொகுதியின் எல்லை மாறினால் பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே ஊரைப் பேசுவதில்லை.

அடுத்த முறை 'பெண் வாக்காளர்கள்' என்ற தலைப்பில் ஓர் அட்டவணை உங்கள் மேசைக்கு வரும்போது, சதவீதத்தைப் பார்ப்பதற்கு முன் படிவத்தைத் தேடி எடுத்து வாசியுங்கள். 'இல்லத்தரசி' என்ற கட்டத்துக்குள் எத்தனை பேருடைய உழைப்பு அடைபட்டிருக்கிறது என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்காமல் எழுதப்படும் முடிவு, வாசற்படியில் சொன்ன பதிலை மட்டும் கேட்டுவிட்டு, உருட்டிக்கொண்டிருந்த கையைப் பார்க்காமல் திரும்பி வந்தவரின் முடிவுதான்.