போர்வையில் தைக்காமல் விட்ட துண்டு

பட்ரீசியா பொலாக்கோவின் ‘தி கீப்பிங் க்வில்ட்’ 1988இல் வெளிவந்த சிறுவர் படப்புத்தகம். யூத வாழ்வைப் பேசும் சிறுவர் நூல்களுக்கான சிட்னி டெய்லர் விருதைப் பெற்றது. ரஷ்யாவிலிருந்து நியூயார்க் வந்த தன் கொள்ளுப்பாட்டி ஆனாவின் குடும்பக் கதையைத்தான் பொலாக்கோ எழுதி வரைந்திருக்கிறார்.

ஆனா வளர்ந்துவிட்டாள், ஊரிலிருந்து போட்டு வந்த உடுப்பு பத்தவில்லை. அம்மா அதை எடுத்துக்கொள்கிறாள். கூடவே மகளின் தலைத்துணி, ஒரு மாமாவின் சட்டை, ஒரு அத்தையின் இரவு உடை, இன்னொரு அத்தையின் ஏப்ரன். எல்லாவற்றையும் வெட்டி, அக்கம்பக்கத்துப் பெண்களோடு உட்கார்ந்து ஒட்டுப்போர்வை தைக்கிறாள். அது நாலு தலைமுறைக்கு வருகிறது: சப்பாத் அன்று மேசை விரிப்பு, கல்யாணத்தில் மணமக்கள் தலைக்கு மேல் ஹூப்பா, பிறந்த குழந்தைக்குப் பொதிதுணி, பிள்ளைகளுக்கு விளையாட்டுக் கூடாரம். மனிதர்கள் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியமாக இருக்க, துணி மட்டும் நிறத்தோடு வருகிறது.

பார்த்தவுடன் இது ‘மரபைக் காப்பாற்றுகிற’ கதை என்று தோன்றும். எனக்கு அப்படித் தெரியவில்லை. கல்யாணங்களை வரிசையாகப் பாருங்கள். ஆனாவின் கல்யாணத்தில் ஆண்களும் பெண்களும் தனித்தனியாகக் கொண்டாடுகிறார்கள். அடுத்த தலைமுறையில் சேர்ந்து கொண்டாடுகிறார்கள், ஆனால் சேர்ந்து ஆடுவதில்லை. அதற்கடுத்து யூதரல்லாத நண்பர்கள் வருகிறார்கள். கதைசொல்லியின் கல்யாணத்தில் எல்லோரும் சேர்ந்தே ஆடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் எதையோ விட்டுவிடுகிறார்கள், போர்வையை மட்டும் விடுவதில்லை. இதைப் புலம்பாமல், கொண்டாடவும் செய்யாமல், வெறுமனே காட்டியிருப்பதுதான் பொலாக்கோவின் சாதனை.

என் மனத்தாங்கல் வேறு. இவர்கள் ஏன் வந்தார்கள்? புத்தகத்தில் பதில் இல்லை. 1881இல் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டதும் யூதர்கள் மீது கலவரங்கள் வெடித்தன. 1882இல் புதிய தடைச் சட்டங்கள் வந்தன. வறுமையும் சேர்ந்துகொண்டது. 1924 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து 20 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். அம்மா அந்த ஊரை மறக்கக்கூடாது என்றுதான் போர்வையே தைக்கிறாள். துரத்திய ஊரும் அதுதான், ஏங்க வைக்கிற ஊரும் அதுதான். கதையில் ஏக்கம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

“அஞ்சு வயசுப் பிள்ளைகிட்டப் போய் கலவரத்தைச் சொல்லணுமா?” என்று கேட்கலாம். வேண்டாம். ‘அங்கே எங்களை இருக்க விடவில்லை’ என்று ஒரே ஒரு வாக்கியம் போதும். அஞ்சு வயசுக்கு அது நன்றாகவே புரியும். சட்டையும் ஏப்ரனும் போர்வைக்குள் வந்துவிட்டன, சரி. அவற்றைப் போட்டிருந்த மாமாவும் அத்தையும் என்ன ஆனார்கள் என்று எந்தக் குழந்தையும் கேட்கும். அந்தக் கேள்விக்குப் புத்தகம் இடமே வைக்கவில்லை.

ஆகவே இதைக் குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். “ஏன் வந்தாங்க?” என்று கேட்டால், விட்டுப்போன அந்த வாக்கியத்தை நீங்கள் சொல்லுங்கள்.