பழைய ஐபாடும் வெளி டிஏசியும்: காது எதைத் தேட வேண்டும்?

ஐபாட் கிளாசிக் விற்பனையை ஆப்பிள் நிறுவனம் 2014 செப்டம்பரில் நிறுத்தியது. ஆனாலும் கட்டைவிரலால் சுழற்றும் அந்தச் சக்கரத்தை விட மனமில்லாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேய்ந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு மெமரி கார்டு பொருத்துவார்கள், பேட்டரியை மாற்றுவார்கள். அடுத்து அவர்கள் கண் போவது டிஏசி மேல், அதாவது எண்களாக இருக்கும் இசையை மின்னலையாக மாற்றும் தனிக் கருவி மேல். பெட்டிக்குள் இருக்கும் பழைய சிப்பைவிட வெளியே உள்ள புதிய சிப் நன்றாகப் பாடும் என்ற நம்பிக்கையில் பணம் செலவாகிறது. இந்த இணைப்பில் சுகம் உண்டு; ஆனால் அதில் பெரும்பங்கு சிப்பிலிருந்து வருவதில்லை. சிப்புக்கு அடுத்து நின்று இயர்போனை இயக்கும் பகுதியிலிருந்துதான், அதாவது ஆம்பிலிருந்துதான், வருகிறது. இதைப் புரிந்துகொண்டவருக்குத்தான் எதைக் கேட்பது என்பதும் பிடிபடும்.

முதலில் இணைப்பு. ஹெட்ஃபோன் துளையிலிருந்து வெளியே வரும்போதே இசை மின்னலையாக மாறிவிட்டது. அங்கே டிஏசியைச் செருகினால் அது மாற்றுவதற்கு எதுவும் மிச்சமில்லை. அடியிலுள்ள 30 பின் இணைப்பில் 'லைன் அவுட்' கேபிள் போட்டாலும் மாற்றும் வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் சிப்தான். ஹெட்ஃபோன் ஆம்பும் வால்யூமும் மட்டும் விலகிக்கொள்கின்றன. எண்களை எண்களாகவே வெளியே எடுப்பது கடினம். ஐபாட் கிளாசிக்கும் சாதாரண யூஎஸ்பி டிஏசியும் கம்ப்யூட்டர் போன்ற ஒன்று அழைத்தால் மட்டுமே பேசும். இரண்டு விருந்தாளிகளை எதிரெதிரே உட்கார வைத்தால் பரிமாற ஆளிருக்காது. அதனால் வீட்டுக்காரர் வேலையைச் செய்ய, ஆப்பிளின் அங்கீகாரச் சிப் வைத்த தனி டாக் தேவைப்பட்டது. 2008-இல் வந்த வாடியா 170 அந்த வழியைத் திறந்தது. பிறகு ஆன்கியோவின் என்டி-எஸ்1, கையடக்கமான ஃபாஸ்டெக்ஸ் ஹெச்பி-பி1 போன்றவை வந்தன. இன்று இவற்றைப் பழைய பொருளாகத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

சரி, சிப் மாறுவதால்தான் ஒலி மாறுகிறதா? 2005-இல் வந்த ஐந்தாம் தலைமுறை ஐபாடில் வுல்ஃப்சன் சிப், 2007-இல் வந்த கிளாசிக்கில் சிரஸ் லாஜிக் சிப். இரண்டுமே சிடி தரத்தை, அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் இசையைக் கௌரவமாகக் கையாள்பவை. சிக்கல் இருப்பது கெபாசிட்டரில். கிளாசிக் என்ற பெயர் வருவதற்கு முன்பிருந்த ஐபாடுகள் சிலவற்றில் ஹெட்ஃபோன் வழியில் ஒரு கெபாசிட்டர் குறுக்கே நிற்கும். அது 100 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். 16 ஓம் இயர்போனைச் செருகினால் ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸிலேயே ஒலி 3 டெசிபல் இறங்கிவிடும்; பேஸ் கிடாரின் கனத்த தந்தி அதிரும் 41 ஹெர்ட்ஸுக்கு வருவதற்குள் 8 டெசிபலுக்கு மேல் போய்விடும். அதே துளையில் 300 ஓம் ஹெட்ஃபோனைப் போட்டால் அந்த இறக்கம் 5 ஹெர்ட்ஸ் பக்கம், காதுக்கு எட்டாத ஆழத்துக்கு, நகர்ந்துவிடும். இரண்டு இடத்திலும் சிப் ஒன்றேதான். வெளி டிஏசி வாங்கியவர் "பேஸ் திரும்பி வந்துவிட்டது" என்று மகிழும்போது, பெரும்பாலும் அதற்குள் இருக்கும் நல்ல ஆம்புக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

அப்படியென்றால் லைன் அவுட் கேபிளும் சின்ன ஆம்பும் போதுமே என்று கேட்கலாம். பலருக்குப் போதும், முதலில் அதைத்தான் செய்து பார்க்க வேண்டும். டிஏசியின் பயனே வெறும் பிரமை என்பவர்களும் உண்டு. அவர்கள் பக்கம் ஒரு வலுவான நியாயம் இருக்கிறது: ஒரு டெசிபல் சத்தம் கூடினாலே காது அதைத் தரம் என்று எடுத்துக்கொள்ளும். ஆனால் அதற்கு மருந்து உண்டு. 100 ஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த சோதனை ஒலி வேண்டாம், அங்கே கெபாசிட்டரே குறுக்கிடும்; 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, இயர்போன் செருகியபடியே சாதாரண மல்டிமீட்டரால் ஐபாடின் ஹெட்ஃபோன் துளை, வெளிக் கருவி என்ற இரண்டு வழியிலும் வோல்டேஜை அளவிடுங்கள். வால்யூமைத் திருத்தி வித்தியாசம் 1 சதவீதத்துக்குள் வந்தால் 0.1 டெசிபலுக்குள் சமமாகிவிட்டது என்று அர்த்தம். ஈக்வலைசரையும், பாட்டுக்குப் பாட்டு சத்தத்தைச் சமப்படுத்தும் சவுண்ட் செக்கையும் அணைத்துவிடுங்கள். பிறகு எது எந்த வழி என்று தெரியாதபடி இன்னொருவரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அப்போதும் நிற்கும் வித்தியாசம் உண்மையானது. 128 கேபிபிஎஸ்ஸில் சுருக்கிய பாட்டை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். தொலைந்துபோன தகவலை எந்த டிஏசியாலும் திருப்பித் தர முடியாது. சிடியிலிருந்து ஆப்பிள் லாஸ்லெஸ் வடிவில் ஏற்றியதே இதற்குப் பொருத்தம்.

கேட்கும்போது "தெளிவு", "இனிமை" என்று பொதுவாகத் தேடினால் எதுவும் கிடைக்காது; ஒரே ஓர் இழையைப் பிடியுங்கள். எண்பதுகளின் இளையராஜா பாடல் ஒன்றில் குரலை விட்டுவிட்டு, பேஸ் கிடார் தனியாகப் போடும் மெட்டை மட்டும் தொடருங்கள். மேலே ஏறும் சுரங்களுக்கு இருக்கும் உடம்பு கீழே இறங்கும் சுரங்களுக்கும் இருக்கிறதா, அல்லது பாதியில் மெலிந்துவிடுகிறதா? அடுத்து ஒரு கர்நாடக ஆலாபனை. பாடகர் மூச்செடுக்கும் அந்த இடைவெளியில் தம்புராவின் ஒரு மீட்டல் எவ்வளவு தூரம் தேய்ந்துபோகும்வரை உங்களால் அதைப் பின்தொடர முடிகிறது, எந்த இடத்தில் அது கருவியின் மெல்லிய இரைச்சலுக்குள் மறைகிறது என்று கவனியுங்கள். பழைய வழியில் ஒருமுறை, புதிய வழியில் ஒருமுறை, அதே மூச்சு, அதே மீட்டல்.