கோப்பு சரி, பிள்ளை எங்கே? வகுப்பறை மதிப்பீட்டைப் பார்க்க வரும் வெளிக் குழுக்களைப் பற்றி



சில ஆண்டுகளுக்கு முன் என் மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி பள்ளி மாறி வந்து சேர்ந்தாள். அவளோடு வந்த பதிவில் தமிழ்மொழி வாசிப்புத் திறனுக்கு அடைவுநிலை 5 என்று இருந்தது. 'நல்ல பிள்ளை வந்திருக்கு' என்று மகிழ்ந்தேன். முதல் வாரமே பாடநூலைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். எழுத்துக்கூட்டித்தான் வாசித்தாள். வாசித்த பத்தி எதைப் பற்றியது என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு மாதம் கூடவே உட்கார்ந்து பார்த்துவிட்டு 2 என்று பதிவு செய்தேன்.

அறிக்கை நாளில் அப்பா வந்தார். "டீச்சர், அங்க அஞ்சு, இங்க ரெண்டு. மூனு மாசத்துல புள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பிறகு பழைய பள்ளியின் ஆசிரியரிடம் தொலைபேசியில் பேசினேன். அவர் பொய் எழுதியவர் அல்லர். "எங்க வகுப்புல அவதான் டீச்சர் நல்லா வாசிப்பா. மத்தவங்களுக்கு எழுத்தே சரியா தெரியாது. வெளியிலிருந்து குழுவும் வந்து ஃபைல் எல்லாம் பார்த்து, சரின்னு சொல்லிட்டுத்தான் போனாங்க" என்றார். வகுப்பில் முதல் பிள்ளைக்கு 5 போட்டிருக்கிறார். தர அடைவு விளக்கத்தோடு ஒப்பிட வேண்டியதைப் பக்கத்து மேசைப் பிள்ளையோடு ஒப்பிட்டிருக்கிறார். இது நம் எல்லாருக்கும் நடக்கக்கூடிய தவறுதான். ஆனால் அதைக் கண்டுபிடிக்கவே ஒரு குழு வந்தது. வந்து, பார்த்து, கையெழுத்தும் போட்டது. அந்தக் குழுவின் கண்ணில் இது ஏன் படவில்லை? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

நம் நாட்டில் 2011இல் கேஎஸ்எஸ்ஆர் கலைத்திட்டத்தோடு பள்ளிசார் மதிப்பீடு வந்தது. 2019இல் முதலாம் ஆண்டு முதல் மூன்றாம் ஆண்டு வரை தேர்வுகள் எடுக்கப்பட்டு வகுப்பறை மதிப்பீடு மட்டும் நின்றது. 2021இல் யுபிஎஸ்ஆர், 2022இல் பிடி3 நிறுத்தப்பட்டன. ஒவ்வொரு முறையும் ஆசிரியரின் தொழில்முறைத் தீர்ப்புக்கு எடை கூடிக்கொண்டே வந்தது. முன்பு நாம் தவறாக மதிப்பிட்டாலும் பொதுத்தேர்வு என்று ஒன்று பின்னால் நின்றது. அது நின்ற இடத்தில் இப்போது தர உறுதிப்பாடுதான் நிற்க வேண்டும்.

வழிகாட்டி நூலில் இதற்கு நான்கு வழிகள் சொல்லப்பட்டுள்ளன: வழிகாட்டல், ஒருங்கிணைப்பு, கண்காணிப்பு, கண்டறிதல். இரண்டாவதை நாம் பேச்சில் 'பெஞெலாராசான்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஒரே மாதிரியான படைப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் ஒரே அடைவுநிலையைத் தருகிறார்களா என்று பார்த்துச் சரிசெய்வதுதான் அது. நான்கிலும் உயிரானது அதுவே. ஆனால் நடைமுறையில் நம்மிடம் வந்து சேர்வது பெரும்பாலும் மூன்றாவது மட்டும்தான். அதுவும் கோப்பைப் பார்க்கும் கண்காணிப்பு.

குழு வருகிறது என்ற கடிதம் வந்ததும் பள்ளியில் என்ன நடக்கிறது என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். பதிவுகள் அச்சிடப்படுகின்றன. கோப்புக்குப் புது அட்டை, பிரிவுத்தாள், உள்ளடக்கப் பட்டியல். பாடக்குழுக் கூட்டக் குறிப்பில் விடுபட்ட கையெழுத்தைத் தேடி ஓடுகிறோம். வந்தவர்கள் சரிபார்ப்புப் பட்டியலில் 'உண்டு', 'இல்லை' என்று குறிக்கிறார்கள். மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் நாசி லெமாக் பொட்டலத்தோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. ஒரு மாணவரின் பயிற்சி நூலைத் திறந்து, 'இதற்கு ஏன் 4 கொடுத்தீர்கள், 3 ஏன் இல்லை?' என்று யாராவது கேட்டார்களா? என் பணிக்காலத்தில் அப்படிக் கேட்டவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

குழுவில் வருபவர்களை நான் குறை சொல்லவில்லை. நானும் அப்படி ஒரு குழுவில் போயிருக்கிறேன். குறை, குழுவின் வேலை திட்டமிடப்படும் விதத்தில் இருக்கிறது.

முதலாவது, ஆள் பங்கீடு. ஒரு தமிழ்ப்பள்ளிக்கு நான்கு பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். அவர்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவராக இருக்கலாம். ஒருவர்கூட இல்லாமலும் போகலாம். தமிழில் எழுதிய வாக்கியத்தை வாசிக்க முடியாதவர் வேறு எதைப் பார்ப்பார்? தேதி, முத்திரை, கையெழுத்து. அவருக்குப் புரிவது அதுதான். கோப்புப் பண்பாடு என்று நாம் சலித்துக்கொள்வதில் பாதி, யாரை எங்கே அனுப்புவது என்ற இந்த முதல் முடிவிலேயே பிறந்துவிடுகிறது. கணிதத்துக்கும் அறிவியலுக்கும் தமிழில்தான் விடை எழுதுகிறார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது.

இரண்டாவது, மாதிரி எடுப்பது. எந்தப் பிள்ளையின் படைப்பைக் காட்டுவது என்று முடிவு செய்வது யார்? நாம்தான். நாமும் மனிதர்கள்தானே, அழகாக எழுதியதைத்தான் எடுத்து வைப்போம். குழு முன்கூட்டியே பெயர்ப்பட்டியலை வாங்கி, தானே தேர்ந்தெடுக்க வேண்டும். அதிலும் எல்லாப் பிள்ளைகளையும் பார்க்கத் தேவையில்லை. அடைவுநிலை 3தான் குறைந்தபட்ச அடைவு. ஆகவே 2க்கும் 3க்கும் இடையில் நிற்கும் பிள்ளைகளை முதலில் பார்க்க வேண்டும். அங்கே தவறு நடந்தால், உதவி தேவைப்படும் பிள்ளை உதவிப் பட்டியலில் இருந்தே காணாமல் போகிறது. அடுத்தது 5க்கும் 6க்கும் இடைப்பட்ட எல்லை. என் மாணவியைப் போன்றவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, குழுவுக்குள்ளேயே ஒருமித்த பார்வை இல்லை. நான் போன குழுவில், கிளம்புவதற்கு முன் தேநீர் குடித்துக்கொண்டே ஒரு மாணவரின் கட்டுரையை நாங்கள் மூவரும் பார்த்தோம். ஒருவர் 3 என்றார், ஒருவர் 4, நான் 5. கருத்து வளமாக இருக்கிறது என்பது என் வாதம். ஒற்றுப்பிழை இத்தனை இருக்கும்போது எப்படி 5 என்பது அவர் வாதம். விவாதத்தை முடிக்க நேரமில்லை, வேன் வந்துவிட்டது. அன்று மூவரும் மூன்று பள்ளிகளுக்குப் போய், மூன்று அளவுகோலால் அளந்துவிட்டு வந்தோம். தங்களுக்குள் ஒருங்கிணையாத குழு மற்றவர்களை எப்படி ஒருங்கிணைக்கும்?

நான்காவது, குழுவைக் கண்காணிப்பவர் யார்? தலைவருக்கு அறிக்கைகள் வந்து சேர்ந்தால் போதும், எண்ணிக்கை நிறைவேறிவிடுகிறது. ஒரு உறுப்பினர் போன இடமெல்லாம் 'மிக நன்று' எழுதுகிறாரா, இன்னொருவர் போன இடமெல்லாம் குறையே எழுதுகிறாரா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. பாதி வழியில் ஒரு நாள் உறுப்பினரோடு கூடவே போய் உட்கார்ந்து பார்ப்பதில்லை. போன ஆண்டு சொன்ன ஆலோசனை நிறைவேறியதா என்று இந்த ஆண்டு வருபவருக்குத் தெரியாது. நமக்குக் கிடைப்பது ஒற்றை வரி: 'நன்று. தொடரவும்.' எதைத் தொடர்வது?

இதே நாட்டில் இன்னொரு துறையைப் பாருங்கள். 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் நடக்கும் மலேசியத் திறன் சான்றிதழ் முறையில் மூன்று பேருக்கு மூன்று வேலை. பயிற்சி மையத்தில் மதிப்பிடுபவர் ஒருவர். அவர் மதிப்பீட்டை உள்ளிருந்தே சரிபார்ப்பவர் ஒருவர். திறன் மேம்பாட்டுத் துறையால் நியமிக்கப்பட்டு வெளியிலிருந்து வந்து உறுதிப்படுத்துபவர் ஒருவர். அங்கும் கோப்பு உண்டு, அலுப்பும் உண்டு. ஆனால் யார் எதற்குப் பொறுப்பு என்பதில் குழப்பமில்லை. பற்றவைப்பு வேலையைப் பார்க்க அந்த வேலை தெரிந்தவர் வர வேண்டும் என்பது அங்கே இயல்பான எதிர்பார்ப்பு. நம் பிள்ளைகளின் தமிழைப் பார்க்கத் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் வர வேண்டும் என்பது மட்டும் ஏன் பெரிய கோரிக்கையாகத் தெரிகிறது?

'இதுக்கெல்லாம் நேரம் எங்க டீச்சர்?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. கூடுதல் வேலை வேண்டாம் என்றுதான் நானும் சொல்கிறேன். இருக்கும் வேலையை மாற்றுங்கள் என்கிறேன். கோப்பு அடுக்கச் செலவாகும் இரண்டு நாளில் அரை நாளைப் படைப்புகளைப் படிக்க ஒதுக்கினால் போதும். குழு கிளம்புவதற்கு முன் உறுப்பினர்கள் எல்லாரும் அதே மூன்று படைப்புகளைத் தனித்தனியே மதிப்பிட்டு, வித்தியாசத்தைப் பேசித் தீர்க்கட்டும். பள்ளிக்கு வந்ததும், ஆசிரியர் தந்த அடைவுநிலையைப் பார்க்காமல் ஆறு படைப்புகளை மதிப்பிடட்டும். பிறகு ஆசிரியரோடு உட்கார்ந்து ஒப்பிடட்டும். வித்தியாசம் வந்தால் அது குற்றம் அல்ல. பேச்சு தொடங்கும் இடம். கேட்டல், பேச்சுத் திறன்களுக்கு ஒலிப்பதிவு ஒன்றிரண்டு இருந்தால் அதுவே போதும்.

இன்னொரு அச்சமும் உண்டு. வெளியாள் வந்து என் தீர்ப்பை மாற்றினால், தொழில்முறைத் தீர்ப்பு என்பதற்கு என்ன பொருள்? நான் வேறு மாதிரி நினைக்கிறேன். யாரும் கேள்வி கேட்காத தீர்ப்பு வெறும் கருத்துதான். ஏன் இந்த நிலை என்று காரணம் சொல்லி, எதிர்வாதம் கேட்டு, தேவையானால் மாற்றிக்கொள்ளும்போதுதான் அது தொழில்முறைத் தீர்ப்பாகிறது. என் 5ஐக் கேள்வி கேட்ட அந்தச் சக ஆசிரியருக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். ஒற்றுப்பிழையைப் பற்றி அவர் சொன்னதில் பாதியை ஏற்றுக்கொண்டேன்; மீதியை இன்னும் ஏற்கவில்லை.

கட்டளை மேலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்துப் பள்ளி ஆசிரியரோடு, பெயரை மறைத்து, தவணைக்கு ஆறு படைப்புகளை மாற்றிக்கொள்ளுங்கள். இருவரும் தனித்தனியே மதிப்பிட்டு, பிறகு போன் போட்டுப் பேசுங்கள். மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளிகளில், ஒரு வகுப்பில் ஐந்தாறு பிள்ளைகள் மட்டும் இருக்கும் இடங்களில், இது இன்னும் அவசியம். அங்கே ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்து வகுப்பே கிடையாது. அடுத்த முறை குழு வரும்போது கோப்போடு நான்கு பயிற்சி நூல்களையும் மேசையில் வையுங்கள். அழகானவை வேண்டாம், நீங்களே குழம்பிய நான்கு. "இதற்கு நீங்கள் என்ன கொடுப்பீர்கள்?" என்று நீங்களே முதலில் கேளுங்கள்.

அந்த மாணவி ஆண்டிறுதியில் 3ஐ எட்டினாள். எழுத்துக்கூட்டாமல் ஒரு பத்தியை வாசித்து, அதில் வந்த பூனை ஏன் ஓடியது என்று தானாகவே சொன்னாள். அப்பாவிடம் அறிக்கையைக் கொடுத்தேன். அவர் எண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இந்த மூனு உண்மையான மூனுதானே டீச்சர்?" என்றார். ஆமாம் என்றேன். ஆனால் அன்று அந்த எண்ணுக்கு என் சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை.