ஃபேன் சுற்றினால் போதுமா?

அம்பாசிடரில் வேறு என்ஜினை ஏற்றி முடித்து, ஊருக்குள் ஒரு சுற்று போய்வருவதற்குள் ஹீட் மீட்டர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டால், பட்டறையில் மூன்று தீர்ப்புகள் தயாராக இருக்கும். "ஃபேனை டைரக்ட் கொடுத்துடலாம்ணே" என்பது முதலாவது. "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போடுங்க, நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு?" என்பது இரண்டாவது. இரண்டும் பலிக்காவிட்டால், "பெரிய என்ஜினுக்குப் பெரிய ரேடியேட்டர்தான் வேணும்." மூன்றுமே கைப்பழக்கத்தில் பிறந்தவை, சிரித்து ஒதுக்க முடியாது. ஆனால் மூன்றும் ஒரு கேள்வியைக் கேட்காமலே தாண்டிப் போகின்றன. வண்டி எப்போது சூடாகிறது?

இந்தக் காரை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்து, 2014-இல் உத்தர்பாரா ஆலை நிற்கும்வரை உருவம் அதிகம் மாறாமல் வந்த வண்டி. உள்ளே இருந்த என்ஜின்தான் மாறியது: 1489 சிசி பெட்ரோல், பிறகு டீசல், அப்புறம் இசுசுவின் 1817 சிசி பெட்ரோல், 1995 சிசி டீசல். கம்பெனி செய்ததை வெளியிலும் செய்தார்கள். டீசல் மலிவாக இருந்த காலத்தில் டாக்ஸிக்காரர்கள் பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றினார்கள்; இப்போது பழைய கார்ப் பிரியர்கள் இசுசு பெட்ரோலைத் தேடிப் பொருத்துகிறார்கள். (ஆர்.சி. புத்தகத்தில் என்ஜின் எண்ணை மாற்றும் படலம் தனிக் கதை.)

பழைய பெட்ரோல் என்ஜினில் ஃபேன் வாட்டர் பம்பின் முனையிலேயே உட்கார்ந்திருக்கும். ஒரே பெல்ட் இரண்டையும் சுற்றும். பெல்ட் அறுகிறவரை தண்ணீரும் ஓடும், காற்றும் வரும். எப்போது சுற்றுவது என்று யாரும் முடிவெடுக்க வேண்டியதில்லை. என்ஜின் மாறும்போது அதன் நீளம் மாறுகிறது, பம்பின் உயரம் மாறுகிறது, ஹோஸ் வாய் இருக்கும் பக்கமும் மாறலாம். ஃபேன் ரேடியேட்டரில் உரசும், அல்லது நடுவை விட்டு விலகி நிற்கும். அதைக் கழற்றிவிட்டு, புதுப்பேட்டை போன்ற பழைய சாமான் சந்தையில் ஏதோ ஒரு சின்னக் காரின் மின்சார ஃபேனை வாங்கிக் கட்டுகிறார்கள். அதோடு ஒன்றாக இருந்த வேலை மூன்றாகப் பிரிந்துவிடுகிறது: தண்ணீரை ஓட்டுவது ஒருவர், காற்றை இழுப்பது இன்னொருவர், சூட்டை அறிந்து கட்டளையிடுவது வேறொருவர். மாற்று என்ஜின் வண்டிகளின் சூட்டு நோய்க்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பிரிவினைதான் என்பது என் வாதம். பாகங்கள் தனித்தனியே நன்றாக இருக்கும். அவை சேரும் இடம் கெட்டிருக்கும். பாகத்தை மாற்றி மாற்றிப் பார்க்கும் வைத்தியம் பணத்தைத் தின்றுவிட்டு நோயை விட்டுவைப்பது அதனால்தான்.

சிக்னலில் நிற்கும்போது ஏறும் முள், வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால், குறை காற்றில் இருக்கிறது. ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். ஃபேனுக்கு அங்கே வேலை அதிகமில்லை. ஆகவே நெடுஞ்சாலையில் ஏறும் சூட்டுக்கு ஃபேனைப் பழிப்பது பொருந்தாது. அங்கே தேட வேண்டியவை தண்ணீர் ஓட்டம், ரேடியேட்டர் கோர் அடைப்பு, ஹெட் கேஸ்கட், கீழ் ஹோஸ். இந்தக் கீழ் ஹோஸைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பம்பு உறிஞ்சும் பக்கம் அது. கைக்குக் கிடைத்த மெல்லிய ஹோஸை வெட்டி வளைத்துப் போட்டு, உள்ளே சுருள் கம்பியும் வைக்காவிட்டால், என்ஜின் வேகமாகச் சுற்றும்போது அது உறிஞ்சப்பட்டுத் தட்டையாகிவிடும். வண்டியை ஓரங்கட்டி பானட்டைத் திறப்பதற்குள் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். பானட் திறந்தபடி யாராவது ஆக்சிலரேட்டரை மிதிக்க, இன்னொருவர் பார்த்தால்தான் பிடிபடும்.

பெரிய ரேடியேட்டர் வாதத்தை முதலில் எடைபோடலாம். 1489 சிசி என்ஜின் சுமார் 50 குதிரைத்திறன். இசுசு பெட்ரோல் சுமார் 75. ஆகவே சூடும் ஒன்றரை மடங்கு என்று கணக்குப் போடுகிறார்கள். இந்தக் கணக்கு முழு ஆக்சிலரேட்டரில் மட்டும் செல்லும். எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போகிறது. எவ்வளவு எரிக்கிறதோ அதற்கேற்ற சூடு. ஐடிலில் நிற்கும்போது இரண்டு என்ஜின்களும் எரிப்பதில் பெரிய வித்தியாசம் கிடையாது. எனவே சிக்னலில் கொதிக்கும் வண்டிக்கு இந்த வாதம் உதவாது. ஐந்து பேரும் ஏ.சி.யுமாக மலையேறும்போது கொதித்தால் அது உயிர் பெறுகிறது. டீசல் ஏற்றியவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே. பழைய பாணி டீசலில் எரிப்பு ஒரு தனிச் சிற்றறையில் தொடங்குவதால், சுவர் வழியாகத் தண்ணீருக்குப் போகும் சூட்டின் பங்கு அதிகம். வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. தண்ணீர் 95 டிகிரி, வெளிக்காற்று 25 டிகிரி என்றால் இடைவெளி 70. காற்று 40 டிகிரியானால் இடைவெளி 55. அதே ரேடியேட்டர் ஐந்தில் ஒரு பங்குத் திறனை இழந்து நிற்கிறது. மார்கழியில் சரியாக ஓடிய வண்டி சித்திரையில் கொதிக்கப் புதிதாக எதுவும் கெட வேண்டியதில்லை.

இனி ஃபேன். அதற்குக் கட்டளையிடுவது ஒரு சின்ன வெப்ப சுவிட்ச். அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் பாதிக் குழப்பம். ரேடியேட்டரின் அடித்தொட்டியில் இருந்தால், அது பார்ப்பது ஏற்கெனவே ஆறிய தண்ணீரை. என்ஜின் பக்கத்துக்கென்று செய்த, தொண்ணூறு டிகிரிக்கு மேல் விழிக்கும் சுவிட்சை அங்கே மாட்டினால், அது விழிப்பதற்குள் ஹெட் தாங்காத சூட்டுக்குப் போயிருக்கும். அடித்தொட்டிக்குக் குறைந்த டிகிரி சுவிட்ச் வேண்டும். கையில் இருப்பது உயர்ந்த டிகிரி சுவிட்ச் என்றால் அதன் இடம் மேல் ஹோஸ் பக்கம்.

இதைவிட ஏமாற்றுவது இன்னொன்று. தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டாலோ, உள்ளே காற்று அடைத்திருந்தாலோ, சூடான தண்ணீர் ரேடியேட்டருக்கே வராது. என்ஜின் கொதிக்கும், ரேடியேட்டர் பச்சைத் தண்ணீராக இருக்கும், சுவிட்ச் சும்மா இருக்கும், ஃபேன் அசையாது. பார்ப்பவர் "ஃபேன் ஓடலை, அதான் சூடு" என்பார். நடந்தது தலைகீழ்: சூடு வந்து சேராததால் ஃபேன் ஓடவில்லை. இந்த நிலையில் டைரக்ட் கொடுத்தால், ஆறிக் கிடக்கும் ரேடியேட்டருக்கு இன்னும் கொஞ்சம் காற்று வீசும், அவ்வளவுதான். சந்தேகம் தீர்க்க அதிகம் செலவில்லை. என்ஜின் ஆறியிருக்கும்போது, ரிலேயைத் தூண்டும் அந்த இரண்டு வயர் சுவிட்சின் வயர்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பாருங்கள். ஃபேன் ஓடினால் மோட்டார், ரிலே, ஃபியூஸ் மூன்றும் விடுதலை. கேள்வி சுவிட்சுக்கும் தண்ணீருக்கும் போகிறது. ஒற்றை வயர் சுவிட்ச் என்றால் அது ரேடியேட்டர் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கும். ரப்பர் புஷ்மேல் உட்கார்ந்த ரேடியேட்டருக்குத் தனி எர்த் வயர் இல்லாவிட்டால் சுவிட்ச் விழித்தும் பயனில்லை.

அடுத்து, எந்தத் திசையில் சுற்றுகிறது? அந்தக் காலத்து பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு. அப்படிப்பட்ட வண்டியிலோ, வயர் மாற்றிக் கொடுத்த வண்டியிலோ இந்த டி.சி. மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். சத்தம் அப்படியே இருக்கும், காற்று எதிர்ப்பக்கம் போகும். ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு காகிதத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்தால் வயரை மாற்றுங்கள். பழைய டைனமோவை அப்படியே வைத்துக்கொண்டு மின்சார ஃபேன் கட்டுவதும் தப்புக் கணக்கு. அது முழு வேகத்தில் தருவதே 20 ஆம்பியர் சுற்றுவட்டாரம். ஐடிலில் ஏறக்குறைய ஒன்றும் தராது. ஃபேன் தேவைப்படுவதோ ஐடிலில். இரவில் ஹெட்லைட்டும் எரிந்தால் பேட்டரிதான் எல்லாவற்றையும் சுமக்கும்; வோல்டேஜ் சரியும், ஃபேன் தளரும், முள் ஏறும். ஆல்டர்னேட்டர் இல்லாமல் மின்சார ஃபேன் வேண்டாம் என்று திட்டமாகவே சொல்லலாம். ஓடும் ஃபேனின் கனெக்டரில் மீட்டர் வைத்துப் பாருங்கள்; பேட்டரியைவிட ஒரு வோல்ட் குறைந்தால் வயர் மெல்லியது, அல்லது எர்த் மோசம்.

ஆனால் ஃபேன் சம்பந்தப்பட்டதில் மிகவும் மதிப்புக் குறைத்துப் பார்க்கப்படுவது கவர், ஷ்ரவுட் என்பார்கள். சின்னக் காரின் ஃபேன் அம்பாசிடர் ரேடியேட்டரின் ஒரு வட்டத்தை மட்டும் மூடும். கவர் இல்லாமல் கட்டினால் அந்த வட்டத்தில் மட்டுமே காற்று இழுக்கும்; ஓரத்து இடைவெளி வழியாக என்ஜின் பக்கத்துச் சூடான காற்றையே திரும்ப இழுக்கும். புது ஃபேன் வாங்குவதற்கு முன் தகரத்தில் ஒரு கவர் அடித்து, ஓரங்களில் ஸ்பாஞ்ச் ஒட்டினால் கிடைக்கும் பலன் பெரிது. டிங்கர் வேலை என்பதாலோ என்னவோ, இதற்கு மரியாதை இல்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் பழக்கத்துக்கு நியாயம் செய்தே மறுக்க வேண்டும். எளிய பழைய என்ஜின்களில் அதைக் கழற்றியதும் முள் இறங்கியது உண்மை. ஆனால் பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இன்னொரு தட்டு இருக்கும். ரேடியேட்டர் வழி திறக்கும்போது அது பைபாஸ் வழியை மூடும். அங்கே கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே பம்புக்குத் திரும்பும், சூடு கூடும். இந்தப் பழக்கத்தை எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணமும் பெரும்பாலும் தப்பு: "தண்ணி வேகமா ஓடினா ரேடியேட்டர்ல ஆற நேரம் கிடைக்காது." வேகம் கூடினால் வெப்பப் பரிமாற்றம் கூடும், குறையாது. சரியான முடிவைத் தவறான காரணம் தாங்கி நிற்கிறது. முடிவு சரி என்பதால் காரணத்தை விட்டுவிட்டால், அடுத்த வண்டியில் யாராவது தண்ணீரை மெதுவாக்கக் குழாயில் வாஷர் வைத்து அடைப்பார். சந்தேகமிருந்தால் தெர்மோஸ்டாட்டைச் சட்டித் தண்ணீரில் போட்டு, அதில் பொறித்திருக்கும் டிகிரியில் திறக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் புதிது.

மாற்று என்ஜினில் முதல் சந்தேகம் விழ வேண்டிய இடம் காற்று அடைப்பு. புது என்ஜினின் மேல்வாய் ரேடியேட்டர் மூடியைவிட உயரத்தில் இருந்தால், மூடி வழியாக எவ்வளவு ஊற்றினாலும் மேலே காற்று நிற்கும். வண்டியின் முன்பக்கத்தைச் சாய்தளத்தில் ஏற்றி, ஹீட்டர் இருந்தால் திறந்துவிட்டு, ஆறிய என்ஜினில் ஊற்றி, மூடியில்லாமல் ஐடிலில் ஓடவிட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கிக் குமிழை வெளியேற்ற வேண்டும். மறுநாளும் தண்ணீர் இறங்கியிருந்தால், எல்லாவற்றிலும் உயரமான இடத்தில் ஒரு எக்ஸ்பான்ஷன் டேங்க் தேவை. அதன் பிறகும் குமிழ் நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கட். பழைய சாமான் சந்தையிலிருந்து வந்த என்ஜின் எப்படி இறந்தது என்று விற்றவர் சொல்லமாட்டார். புகைவாயு பட்டால் நீலத்திலிருந்து மஞ்சளாகும் சோதனைத் திரவம் சொல்லிவிடும்.

மூடியும் கூலண்டும் சிறிய விஷயங்கள். 0.9 பார் மூடி, தண்ணீர் கொதிப்பதை ஏறக்குறைய 118 டிகிரிக்குத் தள்ளுகிறது. ஆனால் ஈயம் வைத்து ஒட்டிய பழைய பித்தளைக் கோரில் அதைப் போட்டால் கோர் ஒழுகலாம். கூலண்ட் துருவுக்காக வேண்டும். சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீரே மேல். டேஷ்போர்டு மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். பழைய மீட்டருக்குப் புது என்ஜினின் சென்சார் பொருந்தாவிட்டால், 85 டிகிரியை 110 என்று காட்டக்கூடும். மெயின் கேள்வியே அங்கே விழுந்துவிடும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் பளபளக்கும் உலோகத்தில் காட்டினால் குறைத்துச் சொல்லும். கறுப்பு ஹோஸிலோ பெயின்ட் அடித்த இடத்திலோ காட்டுங்கள்.

ஆக, மூன்று வாக்குகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதை முழுவதுமாக நிராகரிக்கிறேன். டைரக்ட் ஃபேனை ரிலேயும் ஃபியூஸும் வைத்த மாற்று சுவிட்சாக, வெப்ப சுவிட்ச் சாகும் நாளுக்கென்று டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளலாம். மருந்தாக ஏற்க முடியாது. பெரிய ரேடியேட்டர், நிஜ டிகிரியை அளந்து, காற்றை வெளியேற்றி, கவர் போட்டு, கீழ் ஹோஸை மாற்றிய பிறகும் மலையில் முள் ஏறும் வண்டிக்கு மட்டும். அப்போதும் அகலத்தை நம்பி வாங்காமல், பழைய கோரைக் கழற்றி அடைப்பு எடுத்துப் பார்த்த பிறகு வாங்குங்கள்.